கிளம்பியிருந்தால் வந்திருப்பார்: ஆங்கிலத்தில் நடக்காத இறந்தகாலம்

"மாமா ஆறு மணிக்கே மதுரையில் கிளம்பியிருந்தால் இந்நேரம் சென்னை வந்து சேர்ந்திருப்பார்."

இதைக் கேட்டதும் மாமா ஆறு மணிக்குக் கிளம்பினாரா இல்லையா என்று சொல்ல முடியுமா? முடியாது. சொல்பவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். கிளம்பியிருக்கும் பட்சத்தில் இப்போது எங்கே இருப்பார் என்று கணக்குப் போடுகிறார். அல்லது மாமா ஒன்பது மணிவரை தூங்கிவிட்டுத்தான் புறப்பட்டார் என்பது தெரிந்தே, எரிச்சலில் சொல்கிறார். இரண்டுக்கும் தமிழில் ஒரே வாக்கியம் போதும். குரலின் ஏற்ற இறக்கமும் முன்பின் பேச்சும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

ஆங்கிலத்தில் இவை இரண்டு தனித்தனி வாக்கியங்கள். தெரியாதவர் சொல்ல வேண்டியது: "இஃப் ஹி லெஃப்ட் அட் சிக்ஸ், ஹி வில் ஹேவ் ரீச்ட் சென்னை பை நவ்." மாமா தூங்கிவிட்டார் என்று தெரிந்தவர் சொல்ல வேண்டியது: "இஃப் ஹி ஹேட் லெஃப்ட் அட் சிக்ஸ், ஹி வுட் ஹேவ் ரீச்ட் சென்னை பை நவ்." நடந்ததா, நடக்கவில்லையா, தெரியாதா என்ற தன் நிலையை வினைவடிவத்திலேயே காட்டாமல் இந்த விஷயத்தை ஆங்கிலத்தில் ஒழுங்காகச் சொல்ல வழியில்லை. நம்மவர்கள் தடுக்கி விழுவது இந்தக் கட்டாயத்தில்தான் என்பது என் கட்சி. பாடப்புத்தகங்கள் பழியை வேறெங்கோ போடுகின்றன.

பள்ளியில் இதை 'இஃப் கிளாஸ், டைப் த்ரீ' என்று படித்திருப்போம். இஃப் வரும் பகுதியில் ஹேட்டும் வினையின் மூன்றாம் வடிவமும். மறுபகுதியில் வுட் ஹேவும் மூன்றாம் வடிவமும். கோடிட்ட இடத்தை நிரப்ப இந்தச் சூத்திரம் தாராளம். அதில் முழு மதிப்பெண் வாங்கியவரே பத்து வருடம் கழித்து அலுவலக மின்னஞ்சலில் "இஃப் யூ டோல்ட் மீ யெஸ்டர்டே, ஐ வுட் ஹேவ் கம்" என்று எழுதுகிறார். சூத்திரம் மறந்துபோனதாக ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். அந்தச் சூத்திரம் எதற்காக அப்படி இருக்கிறது என்பதை அவருக்கு யாரும் சொல்லவே இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆங்கில இறந்தகால வடிவத்துக்குக் காலம் காட்டுவது ஒன்றே வேலை அல்ல. "இஃப் இட் ரெய்ன்ட் டுமாரோ" என்பதில் வினை இறந்தகாலம். ஆனால் பேசப்படுவது நாளைய மழை. இங்கே வினை காட்டுவது நிஜத்திலிருந்து உள்ள தொலைவை. எம்.ஐ.டி.யின் மொழியியலாளர் சபீன் இயாட்ரிடு 2000ஆம் ஆண்டு 'லிங்க்விஸ்டிக் இன்குவைரி' இதழில் எழுதிய கட்டுரை இதைத்தான் ஆராய்கிறது. நவீன கிரேக்கத்தையும் ஆங்கிலத்தையும் அருகருகே வைத்து அவர் சொல்வதன் சாரம் இது: இறந்தகால உருபு அடிப்படையில் ஒரு விலக்கல் குறி. காலத்தின் மீது வைத்தால் 'இந்தக் கணம் அல்ல' என்று பொருள். உலகத்தின் மீது வைத்தால் 'நாம் இருக்கும் இந்த நிஜம் அல்ல' என்று பொருள். தயங்கிப் பேசும்போது ஆங்கிலேயர் "ஐ வாண்டட் டு ஆஸ்க்" என்பதும் இதே தொலைவின் இன்னொரு பயன். நாமும் "ஒன்று கேட்கலாம் என்று வந்தேன்" என்றுதானே ஆரம்பிக்கிறோம்.

இதைப் பிடித்துக்கொண்டால் சூத்திரம் தானாக அவிழும். நேற்று நடக்காத ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இரண்டு எட்டு பின்னால் போக வேண்டும். நேற்று என்பதற்கு ஓர் எட்டு, நடக்கவில்லை என்பதற்கு இன்னோர் எட்டு. 'டோல்ட்' என்பது ஓர் எட்டுதான். 'ஹேட் டோல்ட்' இரண்டு. மறுபகுதியிலும் அப்படியே. 'வில்' ஓர் எட்டு விலகி 'வுட்' ஆகிறது. அது நிஜமல்ல என்பதற்கு. 'வுட்' இதற்கு மேல் பின்னால் போகாது என்பதால் காலத்துக்கான எட்டை 'ஹேவ்' சுமக்கிறது. மனப்பாடம் செய்ய இதில் எதுவும் இல்லை.

தமிழுக்கு இந்தத் தந்திரம் அந்நியமானதும் அல்ல. வந்தால், செய்தால், போனால் என்ற நம் நிபந்தனை வினைகளெல்லாம் இறந்தகால அடியின் மேல் எழுந்தவை. ஆனாலும் "நாளை வந்தால்" என்று கூசாமல் சொல்கிறோம். பழந்தமிழின் வரின், செயின் ஆகியவற்றில் இறந்தகாலக் குறி இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் நன்னூல், வினையெச்ச வாய்பாடுகளைக் காலவாரியாகப் பிரிக்கையில் 'செயின்' என்பதை எதிர்காலத்துக்குரியவற்றோடு வைக்கிறது. பிறகு வழக்கில் ஓங்கிய 'செய்தால்' பொருளில் எதிர்காலத்தை நோக்கினாலும் உடலில் இறந்தகாலத்தைச் சுமக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான்: "மழை பெய்தால்" என்னும்போது மழை பெய்யுமா பெய்யாதா என்பதில் தமிழ் எந்தப் பக்கமும் சாய்வதில்லை. ஆங்கிலத்தில் 'ரெய்ன்ஸ்' என்றால் பெய்யலாம். 'ரெய்ன்ட்' என்றால் பெய்யும் என்ற நம்பிக்கை சொல்பவருக்குக் குறைவு. நம் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே விழுவதற்கு இதுவே காரணம்.

'வந்திருந்தால்' என்று 'இரு' என்ற துணைவினை சேர்ந்த பிறகும் நிலைமை தெளிவதில்லை. "பேங்க்கில் பணம் வந்திருந்தால் எடுத்துக்கொண்டு வா" என்று மகனிடம் சொல்லும் அப்பா, பணம் வரவில்லை என்று சொல்லவில்லை. வந்ததா என்று அவருக்குத் தெரியாது. இதையே ஆங்கிலமாக்கி "இஃப் த மணி ஹேட் கம், பிரிங் இட்" என்றால் வாக்கியம் நடுவிலேயே முறிந்துவிடும். முதல் பாதி பணம் வரவில்லை என்று சாதிக்கிறது, இரண்டாம் பாதி அதை எடுத்துவரச் சொல்கிறது. இங்கே வேண்டியது 'ஹேஸ் கம்'.

பெரிய சிக்கல் மறுபகுதியில் இருக்கிறது. 'வந்திருப்பார்' என்ற ஒரே சொல்லுக்கு ஆங்கிலத்தில் குறைந்தது மூன்று வீடுகள். வாசலில் செருப்பு கிடக்கிறது, அப்படியானால் வந்திருப்பார்: 'மஸ்ட் ஹேவ் கம்'. மணி எட்டாகிவிட்டது, இந்நேரம் வந்திருப்பார்: 'வில் ஹேவ் கம்'. கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார்: 'வுட் ஹேவ் கம்'. நம்மில் பலரும் மூன்றுக்கும் மூன்றாவதையே எடுத்து வைக்கிறோம். "த ஆக்ஸிடென்ட் வுட் ஹேவ் ஹேப்பன்ட் அரவுண்ட் எய்ட்" என்று ஒரு புகாரில் எழுதினால், எழுதியவர் சொல்ல நினைத்தது விபத்து எட்டு மணி வாக்கில் நடந்திருக்கும் என்ற ஊகம். நம் பழக்கம் தெரியாத வாசகர் ஓர் 'இஃப்'புக்காகக் காத்திருப்பார்: எது நடந்திருந்தால் விபத்து நடந்திருக்கும், அப்படியானால் விபத்தே நடக்கவில்லையா? பிரிட்டிஷ் பேச்சிலும் பழைய நினைவுகளைத் தேதியிடும்போது 'வுட் ஹேவ் பீன்' ஊகப்பொருளில் வருவதுண்டு. ஆகவே நம் பிரயோகத்தை முழுப்பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் காவல் நிலையம், மருத்துவமனை, காப்பீட்டு நிறுவனம் ஆகிய இடங்களுக்கு எழுதும் தாளில் அந்தத் துணிச்சல் வேண்டாம்.

ஏன் வேண்டாம் என்பதற்கு இங்கிலாந்தின் சட்டப் புத்தகங்களில் விடை இருக்கிறது. 1966 புத்தாண்டு நாள் அதிகாலையில், லண்டனில் ஒரு கல்லூரியின் இரவுக்காவலர்கள் மூவர் தேநீர் குடித்தார்கள். சிறிது நேரத்தில் வாந்தி. மூவரும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனார்கள். நர்ஸ் தொலைபேசியில் மருத்துவரிடம் சொன்னார். அவருக்கும் அன்று உடம்பு சரியில்லை. வீட்டுக்குப் போய்த் தங்கள் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார், வந்து பார்க்கவில்லை. காவலர்களில் ஒருவரான பார்னெட் அன்று பிற்பகலே இறந்தார். தேநீரில் ஆர்செனிக் கலந்திருந்தது. மனைவி வழக்குத் தொடுத்தார். மருத்துவர் பார்க்காமல் அனுப்பியது கடமை தவறியதுதான் என்று நீதிபதி ஒப்புக்கொண்டார். ஆனால் அடுத்த கேள்வி, பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது. அனுமதித்துச் சோதித்து, விஷம் இன்னதென்று கண்டுபிடித்து, முறிமருந்து கொடுப்பதற்குள் அவர் இறந்தே போயிருப்பார் என்று மருத்துவச் சாட்சியம் காட்டியது. வழக்கு தோற்றது. 1969ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைத் தொகுதியில் இடம்பெற்ற 'பார்னெட் எதிர் செல்சி அண்ட் கென்சிங்டன் ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட் கமிட்டி' வழக்கை, ஆங்கிலச் சட்டவழியில் இழப்பீட்டுச் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். ஒரு குடும்பத்துக்கு இழப்பீடு உண்டா இல்லையா என்பதை, நடக்காத ஒன்றைப் பற்றிய வாக்கியம் முடிவுசெய்தது.

'வுட் ஹேவ்' என்பதற்கும் 'மைட் ஹேவ்' என்பதற்கும் உள்ள இடைவெளியை ரூபாய் கணக்கில், இல்லை, பவுண்டுக் கணக்கில் காட்டும் வழக்கும் உண்டு. 1977இல் மரத்திலிருந்து விழுந்த 13 வயதுச் சிறுவனின் இடுப்பு மூட்டு முறிவை மருத்துவமனை முதலில் கண்டுகொள்ளவில்லை. ஐந்து நாள் கழித்துத்தான் சரியான சிகிச்சை. அவனுக்கு நிரந்தர ஊனம். உடனே பார்த்திருந்தாலும் குணமாக 25 சதவீத வாய்ப்புத்தான் இருந்தது என்று கண்ட விசாரணை நீதிபதி, முழு இழப்பின் மதிப்பில் கால் பங்காக 11,500 பவுண்டு கொடுக்கச் சொன்னார். 1987இல் ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் அதை ரத்து செய்தது. பார்த்திருந்தால் குணமாகியிருப்பான் என்று பாதிக்கு மேல் நிரூபித்தால் முழுப் பணம். குணமாகியிருக்கலாம் என்ற அளவில் நின்றால் ஒன்றும் இல்லை. ஹாட்சன் வழக்கு என்று அறியப்படும் இந்தத் தீர்ப்பு நியாயமா என்று இன்றும் வாதிடுகிறார்கள். எனக்கு விசாரணை நீதிபதியின் கால் பங்கே மனிதத்தன்மையுள்ளதாகப் படுகிறது. அது வேறு விவாதம்.

ஹேட்டும் வுட் ஹேவும் சேர்ந்து வந்தாலே 'நடக்கவில்லை' என்று பொருளா? பெரும்பாலும் ஆம், எப்போதும் அல்ல. ஆலன் ராஸ் ஆண்டர்சன் என்ற அமெரிக்கத் தர்க்கவியலாளர் 1951இல் 'அனாலிசிஸ்' இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். அதிலும் ஆர்செனிக்தான். நோயாளி ஒருவரை மருத்துவர் பார்க்கிறார். இவர் ஆர்செனிக் சாப்பிட்டிருந்தால், இப்போது காட்டுகிற இதே அறிகுறிகளைத்தான் காட்டியிருப்பார் என்கிறார். ஆங்கிலத்தில் வடிவம் அட்சரம் பிசகாமல் 'டைப் த்ரீ'. ஆனால் மருத்துவர் சொல்ல வருவது, இவர் ஆர்செனிக் சாப்பிட்டிருக்கக்கூடும் என்பது! நடக்காததைச் சொல்லும் வடிவத்தை வைத்து நடந்ததைத் துப்பறிகிறார். ஆக, அந்த வடிவம் கூறுவது 'இதை நடந்ததாக நான் வைத்துக்கொள்ளவில்லை' என்ற அளவுக்குத்தான். அதற்கு மேல் கேட்பவர் சூழலிலிருந்து எடுத்துக்கொள்கிறார்.

தத்துவவாதி எர்னஸ்ட் ஆடம்ஸ் 1970இல் முன்வைத்த எடுத்துக்காட்டு இதைவிடப் பிரபலம். 1963 நவம்பர் 22 அன்று டாலஸில் அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டார்; சுட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் ஆஸ்வால்ட். ஆஸ்வால்ட் சுடவில்லை என்றால் வேறு யாரோ சுட்டிருக்கிறார்கள்: இதை யாரும் மறுக்க மாட்டார்கள், கென்னடி இறந்தது உறுதி. ஆஸ்வால்ட் சுடாமல் இருந்திருந்தால் வேறு யாராவது சுட்டிருப்பார்கள்: இதை ஏற்பவர் ஒரு சதிக்கூட்டம் இருந்ததாக நம்ப வேண்டும். முதலாவதற்கு 'டிடின்ட்', 'டிட்'. இரண்டாவதற்கு 'ஹேடின்ட்', 'வுட் ஹேவ்'. கவனியுங்கள், தமிழும் இங்கே தடுமாறவில்லை. 'என்றால்' ஒரு பக்கம், 'இருந்திருந்தால்' மறுபக்கம். ஆக, பிரித்துச் சொல்ல நமக்கு வழியில்லை என்பதல்ல, பிரித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் நமக்கு இல்லை.

இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1981இல் ஆல்ஃபிரட் புளூம் என்ற அமெரிக்க ஆய்வாளர், சீன மொழியில் நடக்காததைக் குறிக்கத் தனி வினைவடிவம் இல்லை, எனவே சீன மொழி பேசுபவர்களுக்கு அப்படிப்பட்ட சிந்தனை எளிதில் வருவதில்லை என்ற பொருளில் ஒரு புத்தகம் எழுதினார். சீன மொழியறியாத ஒரு கற்பனைத் தத்துவவாதியைப் பற்றிய கதையைச் சீனத்திலும் ஆங்கிலத்திலும் கொடுத்துச் சோதித்திருந்தார். 1983இல் டெர்ரி ஆவ் 'காக்னிஷன்' இதழில் பதில் எழுதினார். புளூமின் சீனக் கதை இயல்பான சீனத்தில் இல்லை. நல்ல சீனத்தில் எழுதிக் கொடுத்தால் படிப்பவர்கள் சிரமமில்லாமல் புரிந்துகொள்கிறார்கள் என்று காட்டினார். விவாதம் சில ஆண்டுகள் நீடித்தாலும் புளூமின் கடுமையான முடிவு தேறவில்லை. தமிழைப் பற்றி இப்படி யாராவது சொன்னால் "நீ சொல்லியிருந்தால்தானே நான் வந்திருப்பேன்!" என்ற வீட்டுச் சண்டை வாக்கியம் ஒன்று போதும் பதிலுக்கு. அந்தத் 'தானே' வந்த மாத்திரத்தில் எதிரே இருப்பவர் சொல்லவில்லை என்பது நிச்சயமாகிவிடுகிறது. 'வந்திருக்கலாம்' என்பது ஊகம்; 'வந்திருக்கலாமே' என்று ஓர் ஏகாரம் ஏறினால் குறைப்படுதல். ஆங்கிலம் வினைக்குள் வைப்பதை நாம் இடைச்சொல்லில் வைக்கிறோம்.

ஆங்கிலமும் இன்றைய வடிவத்துடன் பிறக்கவில்லை. லாசரு இறந்த பிறகு மார்த்தாள் இயேசுவிடம் ஆதங்கப்படும் இடத்தை, யோவான் நற்செய்தியின் பதினோராம் அதிகாரத்தை, மொழிபெயர்ப்புகளில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1611இன் ஆங்கில மொழிபெயர்ப்பில் இரு பகுதியிலும் ஹேட். வுட் ஹேவ் கிடையாது. இன்றைய ஆங்கில மொழிபெயர்ப்புகளில் பின்பகுதிக்கு வுட் ஹேவ் வந்துவிட்டது. தமிழ்த் தேவாலயங்களில் இன்னும் ஒலிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் முடிவுவினை 'மாட்டான்' என்று எதிர்கால எதிர்மறையாகவே நிற்கிறது; பின்னால் வந்த திருவிவிலியத்தில் 'இரு' என்ற துணைவினை இரு பகுதியிலும் சேர்ந்திருக்கிறது. ஒரே துயரத்தைச் சொல்ல இரண்டு மொழிகளுமே வடிவம் மாற்றிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பழைய ஆங்கிலத்தின் எச்சமாக "ஹேட் ஐ நோன்" என்று இஃப்பை விட்டுவிட்டு ஹேட்டை முன்னால் தூக்கி வைக்கும் நடை இன்றும் எழுத்தில் வாழ்கிறது.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இங்கே சறுக்குகிறார்கள். 'ஐ ஹேட்', 'ஐ வுட்' இரண்டும் பேச்சில் 'ஐட்' என்று சுருங்குகின்றன. "இஃப் ஐட் நோன், ஐட் ஹேவ் கம்" என்பதில் முதல் 'ஐட்' ஹேட், இரண்டாவது வுட். காதால் மட்டும் கற்பவருக்கு இரண்டும் ஒன்றே. "இஃப் ஐ வுட் ஹேவ் நோன்" என்று அமெரிக்கப் பேச்சில் பரவலாகக் கேட்கும் பிரயோகத்துக்கு இந்தச் சுருக்கமும் துணைபோயிருக்க வேண்டும். திருத்தமான எழுத்தில் அது இன்னும் ஏற்கப்படவில்லை. 'ஹேவ்' தேய்ந்து 'அவ்' என்று ஒலிப்பதால் 'வுட் ஆஃப்' என்று எழுதுகிறவர்களும் ஏராளம். நம்மவர்கள் இந்தப் பிழையை அதிகம் செய்வதில்லை. நாம் ஆங்கிலத்தைக் கண்ணால் கற்றவர்கள்.

'மே ஹேவ்' இன்னும் ஆபத்தானது. "ஹெல்மெட் மே ஹேவ் சேவ்ட் ஹிம்" என்று செய்தி வந்தால் ஆள் பிழைத்திருக்கிறார்; ஹெல்மெட் காரணமாக இருக்கலாம். "மைட் ஹேவ் சேவ்ட் ஹிம்" என்றால் அவர் இறந்துவிட்டார், ஹெல்மெட் போடவில்லை என்றும் படிக்கலாம். ஆங்கில நாளிதழ்களே இந்த இரண்டையும் குழப்புகின்றன. நடைநூல்கள் விடாமல் எச்சரிக்கின்றன. தமிழில் இரண்டுக்குமே 'காப்பாற்றியிருக்கலாம்'.

டைப் ஒன்று, இரண்டு, மூன்று என்ற எண்கள் செய்யும் இன்னொரு கெடுதல், இஃப் வாக்கியங்கள் அத்தனையும் இவற்றுள் அடங்கும் என்று நம்பவைப்பது. "இஃப் ஐ ஹேட் ஸ்டடீட் மெடிசின், ஐ வுட் பி எ டாக்டர் நவ்" என்பதில் முன்பகுதி மூன்றாம் வகை, பின்பகுதி இரண்டாம் வகை. படிக்காதது அன்று, டாக்டராக இல்லாதது இன்று. ஆகவே பின்பகுதிக்கு ஓர் எட்டே போதும், ஹேவ் வேண்டாம். இது முழுக்கச் சரியான ஆங்கிலம். ஆனால் எண் பார்த்துத் திருத்தும் தேர்வுத்தாளில் இதற்குச் சிவப்பு மை விழும்.

பாடப்புத்தகம் எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். கோடிட்ட இடங்களைக் குறைத்துவிட்டு இரட்டைச் சூழல்களைக் கொடுங்கள். மாமா கிளம்பினாரா என்று தெரியாத மருமகன் ஒரு பக்கம், அவர் தூங்கிவிட்டதை அறிந்த அத்தை மறுபக்கம். இருவரும் சொல்வது தமிழில் ஒரே வாக்கியம், ஆங்கிலத்தில் எழுது. இந்தப் பயிற்சி பத்தாம் வகுப்பிலேயே வர வேண்டும். அதுவரை, கடிதமும் புகாரும் எழுதுகிறவர்கள் வுட் ஹேவ் என்று எழுதக் கை போகும்போது ஒரு நொடி நிறுத்தி, இது நடந்ததா என்று தங்களையே கேட்டுக்கொள்ளட்டும். நடந்திருக்கக்கூடும் என்றால் அங்கே வேண்டியது மஸ்ட் ஹேவ் அல்லது மே ஹேவ்.